நாற்காலியில் உட்கார்ந்தபடியே...

காலையில் பத்திரிகை வந்து விழுந்ததும் முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேரே 'காலமானார்' பகுதிக்குப் போகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. பாட்டிமார் என்றால் கேட்கவே வேண்டாம். "ஏன் பாட்டி, தினம் தினம் இதையா படிப்பாய்?" என்று பேத்திகள் கேலி செய்வார்கள். பாட்டி சட்டை செய்யமாட்டாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யார், எந்தத் தெரு, என்ன வயது, என்றைக்கு என்று பார்த்த பிறகுதான் அவளுக்குக் காபி இறங்கும். "அடடா, போன மாசம் கல்யாணத்தில் பார்த்தேனே, நன்றாகத்தானே இருந்தாள்!" என்று ஒரு வார்த்தை சொல்வாள். அத்துடன் சரி. அடுப்பில் பால் பொங்கும், வேலைகள் காத்திருக்கும்.

'நன்றாகத்தானே இருந்தாள்' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். இங்கிலாந்தில் ஒரு பட்டணத்தில் இதே வார்த்தையை வருஷக் கணக்காகப் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் தனித் தனியாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழவில்லை.

அந்தப் பட்டணத்தின் பெயர் ஹைட். மான்செஸ்டர் நகருக்குப் பக்கத்தில், பஞ்சாலைகளால் ஒரு காலத்தில் செழித்த ஊர். ஆலைகள் போன பிறகும் அங்கே வேலை பார்த்த தலைமுறை ஊரை விட்டுப் போகவில்லை. கணவனை இழந்த மூதாட்டிகள் பலர் சின்னஞ் சிறு வீடுகளில் தனியாக இருந்தார்கள். கடைத் தெருவுக்குப் போவார்கள், மாதா கோவிலுக்குப் போவார்கள், தோட்டத்தில் ரோஜாச் செடிக்கு மண் அணைப்பார்கள். பிள்ளைகள் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் பேசுவார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல டாக்டர் ஒருவர் கிடைத்துவிட்டால் எவ்வளவு ஆறுதல்! கிடைத்தார். ஹரால்ட் ஷிப்மன் என்று பெயர். தாடி வைத்தவர், மூக்குக் கண்ணாடி அணிந்தவர், கொஞ்சம் கண்டிப்பான பேச்சு. 1977-ல் ஹைடுக்கு வந்தார். சில டாக்டர்களோடு சேர்ந்து வேலை பார்த்துவிட்டு, 1992-ல் மார்க்கெட் தெருவில் தனியாக வைத்தியசாலை வைத்துக்கொண்டார். மற்ற டாக்டர்கள் "இங்கே வாருங்கள்" என்று சொல்லும் காலத்தில், இவர் பையைத் தூக்கிக்கொண்டு நோயாளியின் வீட்டுக்கே போவார். கூப்பிடாமலேகூடப் போவார். ஏறக்குறைய 3,100 பேர் அவரிடம் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அவருடைய பட்டியலில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று ஊரில் பேச்சு.

அந்த ஊரில் ஒரு டாக்ஸிக்காரர் இருந்தார். அவருடைய வாடிக்கைக்காரர்களில் பெரும்பாலோர் இந்த மூதாட்டிகள்தான். கடைக்குக் கூட்டிப் போவார். சாமான்களைக் கதவு வரைக்கும் தூக்கிக் கொடுப்பார். பேரன் பேத்தி கதைகளைக் கேட்பார். நாளடைவில் சொந்த மனிதர் மாதிரி ஆகிவிட்டார். திடீரென்று அவர்களில் ஒருத்தி இறந்து போவாள். சில வாரம் கழித்து இன்னொருத்தி. வயதானவர்கள் சாகத்தான் செய்வார்கள்; ஆனால் நோய் நொடி என்று படுக்காமல், முந்தின நாள் சிரித்துப் பேசியவர்கள் ஏன் இப்படிப் போகிறார்கள்? விசாரித்தால் எல்லோருக்கும் டாக்டர் ஒருவரே. மனிதர் ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுத ஆரம்பித்தார். இருபதுக்கு மேல் போயிற்று. யாரிடமும் காட்டவில்லை. ஊரே கொண்டாடும் டாக்டரைப் பற்றி ஒரு டாக்ஸி டிரைவர் சொன்னால் யார் நம்புவார்கள் என்ற பயம்.

அதே ஊரில் சவ அடக்க ஏற்பாடுகளைப் பரம்பரையாகச் செய்துவரும் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களுக்கும் ஒரு சங்கடம். சாதாரணமாக நோயில் இறந்தவர்கள் படுக்கையில் இருப்பார்கள். பக்கத்தில் மருந்துப் பாட்டில், நனைந்த துணி, கலைந்த போர்வை இருக்கும். இந்த டாக்டரின் நோயாளிகள் அப்படி இல்லை. நன்றாக உடுத்திக்கொண்டு, சோபாவிலோ நாற்காலியிலோ உட்கார்ந்தபடியே, தூங்குகிற மாதிரி இருந்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் நேரே டாக்டரிடமே போய்க் கேட்டார். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. தம்முடைய சான்றுப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். பெரியவர் சமாதானமாகித் திரும்பினார். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை.

தெருவுக்கு எதிர்ப்புறம் இன்னொரு வைத்தியசாலை. இங்கிலாந்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. உடலைப் புதைத்தால் ஒரு டாக்டரின் சான்று போதும். தகனம் செய்வதானால் முதல் டாக்டர் ஒரு படிவம் எழுத வேண்டும். சம்பந்தமில்லாத இரண்டாவது டாக்டர் உடலைப் பார்த்து இன்னொரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஷிப்மனின் படிவங்களுக்கு எதிர்ப்புற டாக்டர்கள்தான் கையெழுத்திட்டு வந்தார்கள். அங்கே 1996-ல் புதிதாக வந்து சேர்ந்தவர் டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ் என்ற அம்மையார். கையெழுத்துப் போட்டுப் போட்டு அவர் மனத்தில் ஒரு முள் தைத்தது. நாம் இத்தனை கையெழுத்துப் போடுகிறோமே, நம் நோயாளிகளில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். அவர்களிடம் 9,500 நோயாளிகள். மூன்று மாதத்தில் 14 மரணம். எதிரே மூன்றில் ஒரு பங்கு நோயாளிகள். அதே மூன்று மாதத்தில் 16 மரணம்!

சவ அடக்க வீட்டுப் பெண்ணும் இதே சந்தேகத்தை அவரிடம் சொன்னாள். இரண்டு பெண்கள், இரண்டு தொழில்கள். இரண்டு கணக்கும் பொருந்தின. 1998-ம் வருஷம் மார்ச் 24-ம் தேதி டாக்டர் ரெனால்ட்ஸ் கரோனருக்கு டெலிபோன் செய்தார். சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரிக்கு அங்கே கரோனர் என்று பெயர். அவர் போலீஸாரிடம் சொன்னார்.

இங்கேதான், சகோதரிகளே, வயிறு எரிகிறது. ஓர் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். மரணப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த டாக்டர் சான்று கொடுத்த மரணங்களின் நகல்களைக் கேட்டு வாங்கினார். கிடைத்தவை முழுமையாக இல்லை. பல பதிவுகள் விட்டுப் போயிருந்தன. அது அவருக்குத் தெரியவில்லை. இறந்தவர்கள் சிலருடைய வைத்தியக் குறிப்புகளைச் சுகாதார இலாகா டாக்டர் ஒருவர் புரட்டிப் பார்த்துக் கவலைக்கிடமாக ஒன்றுமில்லை என்றார். அந்தக் குறிப்புகளை எழுதியவர் யார்? ஷிப்மனேதான்! திருடனைப் பற்றி அவன் எழுதிய கணக்கையே பார்த்துத் தீர்ப்புச் சொன்ன மாதிரி. 1976-ல் இதே டாக்டர் பெத்திடின் என்ற போதை மருந்துக்காகக் கள்ளச் சீட்டு எழுதித் தண்டனை பெற்றவர். 600 பவுண்டு அபராதம் கட்டியவர். போலீஸ் ஏடுகளில் அது இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தாரில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. ஏப்ரல் நடுவில் விசாரணையை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மே மாதத்தில் ஒரு மூதாட்டி இறந்தார். ஜூன் மாதத்தில் இன்னும் இருவர்.

அந்த மூவரில் கடைசியானவர் கேத்லீன் கிரண்டி. வயது 81. கணவர் ஒரு காலத்தில் ஹைட் நகரின் மேயர். அந்த அம்மாளும் ஊரில் பெரிய மனுஷி. அந்த வயதிலும் முதியோருக்கு மதியச் சாப்பாடு போடும் சங்கத்தில் தொண்டு செய்துகொண்டிருந்தார். ஜூன் 24-ம் தேதி அவர் வரவில்லையே என்று சங்கத்துக்காரர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், உடுத்திய உடையோடு சோபாவில் உயிரில்லாமல் கிடக்கிறார். அன்று காலையில் ரத்தப் பரிசோதனைக்கு என்று டாக்டர் வந்து போயிருந்தார். மரணத்துக்குக் காரணம் 'முதுமை' என்று எழுதிக் கொடுத்தார்.

முதுமை! எண்பது வயதைத் தாண்டியவர்கள் விஷயத்தில் இந்த வார்த்தையை எழுதினால் அப்போது அதிகாரிகள் சாதாரணமாக மேற்கொண்டு கேட்டதில்லை. நாமும்தான் கேட்பதில்லை. 'வயசாச்சு, கொடுத்துவைத்த சாவு' என்று சொல்லிவிடுகிறோம்.

கிரண்டி அம்மாளின் மகள் வக்கீல். தாயாரின் உயிலை அவரே பத்திரமாக வைத்திருந்தார். திடீரென்று ஓர் உள்ளூர் வக்கீல் அலுவலகத்துக்குப் புதிய உயில் ஒன்று தபாலில் வந்தது. ஏறக்குறைய 3,86,000 பவுண்டு சொத்து முழுவதும் டாக்டருக்காம்! தட்டெழுத்தில் ஏகப்பட்ட பிழை, கையெழுத்தும் சந்தேகம். சுத்தமாக எழுதுகிற தம் தாயார் இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்திடவே மாட்டார் என்பது மகளுக்குத் தெரியும். அவர் தாமே விசாரித்து, பிறகு போலீஸுக்குப் போனார். 1998 ஆகஸ்டு 1-ம் தேதி உடலைத் தோண்டி எடுத்தார்கள். திசுக்களில் டயமார்ஃபின் இருந்தது. மார்ஃபியா இனத்தைச் சேர்ந்தது. கடும் வலிக்குக் கொடுப்பது. அளவு மீறினால் மூச்சு அடங்கிவிடும். கிரண்டி அம்மாள் புதைக்கப்பட்டதால் இது தெரிந்தது. தகனம் ஆகியிருந்தால்?

செய்தி பரவியதும் டாக்ஸிக்காரர் தம் தாளை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனார். செப்டம்பரில் டாக்டரைக் கைது செய்தார்கள். 2000-ம் வருஷம் ஜனவரி 31-ம் தேதி, 15 பெண்களைக் கொன்றதாகவும் உயிலைப் போலியாக எழுதியதாகவும் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆயுள் தண்டனை. 2004 ஜனவரியில் சிறைக்குள் தூக்குப் போட்டுக்கொண்டு இறந்து போனான். இனிமேல் 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, மன்னிக்க வேண்டும்.

ஆனால் நான் சொல்லவந்த விஷயம் வழக்குக்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. 15 பேர் மட்டும்தானா? ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்வி. தாயாரை அவனிடம் அனுப்பிய மகள்கள் ராத்திரி தூங்கவில்லை. அப்போதுதான் இத்தனை காலம் தனித் தனி அலமாரிகளில் கிடந்த காகிதங்களை ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரணச் சான்று பதிவாளரிடம் இருந்தது. அதில் பெயர், வயது, காரணம் உண்டு, ஆனால் உயிர் போகும்போது டாக்டர் பக்கத்தில் இருந்தாரா என்பது கிடையாது. தகனப் படிவத்தில் அது உண்டு. எத்தனை மணிக்கு, யார் அருகில் இருந்தார்கள், டாக்டர் கடைசியாக எப்போது பார்த்தார் எல்லாம் உண்டு. அந்தப் படிவங்கள் பக்கத்து டக்கின்ஃபீல்டில் தகனச் சாலையில் கட்டுக் கட்டாக இருந்தன. எந்த மருந்து எவ்வளவு வாங்கினான் என்பது மருந்துக் கடைப் புத்தகத்தில். நோயாளியின் சரித்திரம் அவன் கம்ப்யூட்டரில். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், அதற்குள் உயிர் போய்விட்டதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று குடும்பத்தாரிடம் சொல்லியிருக்கிறான். அப்படி ஓர் அழைப்பு போகவே இல்லை என்பது டெலிபோன் கணக்கில். ஒவ்வொரு காகிதமும் தனியாகப் பார்த்தால் சாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாய் திறக்கிறது.

கம்ப்யூட்டர் விஷயம் ஒரு வேடிக்கை. நோயாளி இறந்த பிறகு உட்கார்ந்து, இவளுக்கு ஒரு வருஷமாக நெஞ்சு வலி என்று பழைய தேதி போட்டு எழுதியிருக்கிறான். உள்ளே இருந்த யந்திரம், இது உண்மையில் எந்த நாள் எந்த மணிக்கு எழுதப்பட்டது என்பதையும் குறித்து வைத்திருந்தது அவனுக்குத் தெரியவில்லை!

லெஸ்டர் சர்வகலாசாலைப் பேராசிரியர் ரிச்சர்ட் பேக்கர் என்பவர் சர்க்காரின் வேண்டுகோளின் பேரில் மரணச் சான்றுகளையும் தகனப் படிவங்களையும் சேர்த்துப் படித்து 2001-ல் அறிக்கை கொடுத்தார். அதே மாதிரியான ஊர்களில் அதே மாதிரியான வைத்தியசாலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். மற்ற டாக்டர்களின் நோயாளிகள் இறக்கும்போது டாக்டர் பக்கத்தில் இருந்தது நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஷிப்மன் விஷயத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று! மற்றவர்களின் நோயாளிகள் இரவு, பகல், விடியற்காலை என்று எப்போது வேண்டுமானாலும் இறந்தார்கள். இவனுடைய நோயாளிகளின் மரணம் மத்தியானத்தை ஒட்டியே குவிந்திருந்தது. யமனுக்கு ஏது கடிகாரம்? அது டாக்டர் வீடு வீடாகப் போகும் நேரம்.

பிறகு நீதிபதி ஜேனட் ஸ்மித் அம்மையார் தலைமையில் பெரிய விசாரணை நடந்தது. மான்செஸ்டர் நகர மண்டபத்தில் ஊர் ஜனங்கள் வந்து சாட்சி சொன்னார்கள். குடும்பத்தார் பழைய டைரிகளையும் கடிதங்களையும் கொண்டுவந்தார்கள். அன்று அம்மா என்ன சமைத்திருந்தாள், கதவு பூட்டியிருந்ததா, டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்ததா எல்லாம் எழுதிக்கொண்டார்கள். 2002 ஜூலையில் முதல் அறிக்கை வந்தது. கொல்லப்பட்டவர்கள் 215 பேர். 171 பெண்கள், 44 ஆண்கள். இன்னும் 45 பேர் விஷயத்தில் பலமான சந்தேகம். பின்னால் அவன் இளம் டாக்டராக இருந்த காலத்தையும் சேர்த்து, மொத்தம் 250 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 1998 மார்ச் விசாரணையை ஒழுங்காகச் செய்திருந்தால் கடைசி மூன்று பேர் அநேகமாகப் பிழைத்திருப்பார்கள் என்றும் அந்த அம்மையார் எழுதினார். புள்ளிவிவர நிபுணர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எந்த டாக்டரிடம் எத்தனை மரணம் என்று யாராவது வருஷா வருஷம் எண்ணி வந்திருந்தால், 1980-களின் நடுவிலேயே மணி அடித்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். படிக்கும்போது கை நடுங்குகிறது.

எண்ணிக்கை ஒன்றே குற்றமாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. முதியோர் இல்லங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நல்ல டாக்டரிடம் மரணக் கணக்கு அதிகமாகத்தான் இருக்கும். அவரைப் போய்ச் சந்தேகித்தால் பாவம். இன்னொரு தொல்லையும் வந்தது. ஷிப்மனுக்குப் பிறகு, புற்றுநோயில் துடிக்கும் நோயாளிக்கு மார்ஃபியா கொடுக்கவே சில டாக்டர்கள் தயங்கினார்கள். தம்மைத் தப்பாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தத் தயக்கத்தின் விலையை வலியில் கிடந்தவர்கள் கொடுத்தார்கள். ஆகவே எண்ணிக்கை, 'ஏன்?' என்று கேட்பதற்கு ஒரு காரணம். அதற்கு மேல் இல்லை. என் அபிப்பிராயம், கேட்பதில் நல்ல டாக்டருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்பதுதான்.

அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறதே என்பாரும் உண்டு. இறந்தவரின் காகிதங்களை ஊர் முழுக்கப் பரப்ப யாரும் சொல்லவில்லை. பதிவாளரிடம் இருப்பதைத் தகனச் சாலையில் இருப்பதோடு சேர்த்துப் பார்க்கப் பொறுப்புள்ள ஓர் ஆள் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். முதல் டாக்டரின் கையெழுத்தை நம்பி இரண்டாவது டாக்டர், இரண்டாவது டாக்டரை நம்பி தகனச் சாலை டாக்டர் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்ட அந்தப் பழைய முறையில், இறந்தவளின் மகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. எனக்கு மிகவும் உறுத்தியது இதுதான். மூன்று டாக்டர்களுக்கும் தெரியாத ஒன்று மகளுக்குத் தெரியுமே: 'நேற்று ராத்திரி என்னோடு பேசினாளே, நன்றாகத்தானே இருந்தாள்.'

ஜேனட் ஸ்மித் அம்மையார் 2003-ல் இதை மாற்ற வேண்டும் என்று சொன்னார். சர்க்கார் காரியம் எந்த தேசத்திலும் ஆமை நடைதான் போலிருக்கிறது. 2024-ம் வருஷம் செப்டம்பர் 9-ம் தேதிதான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமாக அமுலுக்கு வந்தது. இருபத்தொரு வருஷம்! கரோனர் விசாரிக்காத ஒவ்வொரு மரணத்தையும் இப்போது சம்பந்தமில்லாத ஒரு டாக்டர் பார்க்கிறார். மருத்துவப் பரிசோதகர் என்று அவருக்குப் பெயர். சான்றில் எழுதிய காரணமும் வைத்தியக் குறிப்பும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். அவர் பார்த்த பிறகுதான் பதிவாளர் பதிவு செய்யலாம். பழைய தகனப் படிவக் கையெழுத்துகள் போய்விட்டன. எரித்தாலும் புதைத்தாலும் ஒரே முறை.

அந்த அலுவலகத்திலிருந்து, துக்கம் நடந்த வீட்டுக்கு டெலிபோன் வரும். முதலில் அனுதாபம் சொல்வார்கள். சான்றில் எழுதியிருக்கும் காரணத்தைப் புரிகிற வார்த்தையில் விளக்குவார்கள். பிறகு, அவர்களுக்குச் செய்த வைத்தியத்தைப் பற்றியோ, இறந்த விதத்தைப் பற்றியோ உங்கள் மனத்தில் ஏதாவது உறுத்தல் இருக்கிறதா என்று கேட்பார்கள். பதில் சொல்பவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள், அந்த நாற்காலியில் அவள் உட்காருவதே இல்லை" என்று ஒரு மகள் சொன்னால், அதையும் எழுதிக்கொள்வார்கள்.